பழைய வளையம்

கல்லூரியில் என்னுடன் ஒருங்கு கற்ற நண்பரொருவர் கடல்கடந்து சென்றபோது, 1990ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட தமது மஸ்டா எம்.எக்ஸ்-5 காரை என் பொறுப்பில் விட்டுச் சென்றார். ஒயில் மாற்றுங் காலம் வந்தது. முகவர் நிலையத்திற் செலவு மிகுதி. ஆயினும், செய்த வேலைக்குப் பதிவுண்டு. ஊர்க் கராச்சிற் செலவு குறைவு. மெக்கானிக்கின் கைப்பழக்கமே அங்கு பிணை. யானோ, 4 லீற்றருக்குங் குறைந்த ஒயில்தானே என்றெண்ணி, என் கையாலேயே மாற்றத் துணிந்தேன்.

எஞ்சினின் பக்கத்தே மறைந்திருந்த வடிகட்டியைத் தடவிக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். எஞ்சினை இயக்கியதும் ஒயில் நிலத்திற் கொட்டியது. ஒயிலின் அமுக்கத்தைக் காட்டும் முள் சரிந்தது. உடனே நிறுத்தினேன். சிறிது தாமதித்திருப்பின் நண்பர் முகத்தில் எங்ஙனம் விழிப்பேன்?

அழைத்து வந்த மெக்கானிக், எஞ்சினோடு ஒட்டிக்கிடந்த பழைய வடிகட்டியின் இறப்பர் வளையத்தை உரித்தெடுத்துக் காட்டினார். "மாஸ்ரர், பழைய வளையம் வந்திட்டுதோ எண்டு பாக்காமல் புதுசைப் பூட்டப்படாது" என்றார். மாணவரின் பழைய பிழையைக் களையாமலே புதிய பாடத்தைப் புகட்டிய நாட்கள் பல என் நினைவுக்கு வந்தன.

இப்பொழுது அவரிடமே காரைக் கொடுக்கிறேன். கழற்றிய வடிகட்டியோடு வளையமும் வந்துவிட்டதா என்பதை மட்டும் அருகில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.