சாவி கையில், கார் அசையவில்லை: பழைய வாகனம் வைத்திருப்போருக்குச் சில விஷயங்கள்

 

பாடசாலை விடுமுறை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். பழைய கார், வேன் வைத்திருப்பவர்களும், அப்படி ஒருவருடைய வாகனத்தை நம்பித் தோட்டத்தில் வாழ்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள். இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வையுங்கள்.

நாங்கள் ஐந்து ஆசிரியர்கள். பதுளை டவுனில் இருந்து பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போய் வருகிறோம். ஐந்து பேருக்கும் ஒரே கார். ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்து, இருபது வயதைத் தாண்டிவிட்டது. பெட்ரோல், டயர், ரிப்பேர் எல்லாம் பங்கு. யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் ஓட்டுவார்.

"இந்தப் பழசைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீங்க, மாத்துங்களேன் சேர்" என்று பலர் கேட்கிறார்கள். மாற்ற எங்கே போவது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டுகிற விலை இல்லை. ஆகவே ஹாலிஎல, பண்டாரவளை, பசறை, லுணுகலை என்று எங்கே பார்த்தாலும் பழைய வாகனங்கள்தான் ஓடுகின்றன. இன்னும் பல வருடம் ஓடும்.

பிரேக், கிளச், டயர் பற்றி நம் ஆட்களுக்கு நல்ல அறிவு இருக்கிறது. அலாரம், இம்மொபிலைசர் என்று வந்தால்தான் கை நடுங்குகிறது. "கம்பியூட்டர் போயிட்டுது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிறோம். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். அலாரம் வேறு, இம்மொபிலைசர் வேறு.

அலாரம் என்பது சத்தம் போடும் காவல்காரன். பழைய வாகனங்களில் பெரும்பாலும் இதை இங்கே வந்த பிறகு கடையில் பூட்டியிருப்பார்கள். பொனட்டுக்குள் ஒரு சைரன், டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, கண் சிமிட்டும் சிவப்பு லைட். சிலதில் ஸ்டார்ட்டர் மோட்டருக்கோ பெட்ரோல் பம்புக்கோ போகும் வயரை இடையில் வெட்டி இந்தப் பெட்டியோடு சேர்த்திருப்பார்கள். அலாரம் விழித்திருந்தால் அந்த வயரில் கரண்ட் போகாது.

இம்மொபிலைசர் என்பது சத்தம் போடாத காவல்காரன். இது கம்பெனியிலேயே பூட்டி வருவது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப் இருக்கும். சாவி நுழையும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் சிப்புக்குச் சக்தி கொடுக்கும், சிப் தன் இரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரி என்றால்தான் எஞ்சின் கம்பியூட்டர் பெட்ரோலையும் தீப்பொறியையும் விடும். இந்தச் சிப்புக்கு செல் தேவை இல்லை. ஆகவே ரிமோட்டின் செல் செத்தாலும் திருப்பும் சாவி உள்ள வாகனம் இம்மொபிலைசரால் நிற்காது.

இது தெரிந்தால் நோயைக் கண்டுபிடிப்பது பாதி முடிந்தது.

சாவியைத் திருப்பினால் "டிக்" என்று மட்டும் கேட்கிறதா, லைட்டுகள் மங்குகின்றனவா? அது பெட்டரி, அல்லது பெட்டரித் தலையில் கழிம்பு.

லைட் நன்றாக எரிகிறது, ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை, சைரன் கத்துகிறது அல்லது சிவப்பு லைட் வேகமாகச் சிமிட்டுகிறதா? அது பெரும்பாலும் பூட்டிய அலாரம்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, அல்லது பிடித்து ஓரிரு நொடியில் நிற்கிறது, டேஷ்போர்டில் சாவிப் படமோ கார்ப் படமோ சிமிட்டுகிறதா? இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்று சந்தேகிக்கலாம்.

ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை, சாவியால் திறந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா? ரிமோட்டின் செல் மட்டும்தான். பழைய செல்லைக் கையில் கொண்டுபோய், அதில் அடித்திருக்கும் எண்ணைக் காட்டி அதே எண்ணில் வாங்குங்கள்.

பட்டன் அமுக்கி ஸ்டார்ட் செய்யும் வாகனம் என்றால், சாவியின் செல் செத்த பிறகு சாவியை அந்தப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். பல ஜப்பான் வாகனங்களில் இது வேலை செய்யும்.

இனி நமது மலைக் கதைக்கு வருவோம். பதுளை டவுன் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 680 மீற்றர். ஹப்புத்தளை 1400 மீற்றருக்கும் மேலே. விடிகாலைக் குளிரில் பெட்டரியின் பலம் குறையும். பனியும் மழையும் பொனட்டுக்குள் புகுந்து, அலாரத்துக்கென்று வைத்த சின்ன பொனட் சுவிட்ச்சைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்தால் பொனட்டை யாரோ திறந்துவிட்டார் என்று அலாரம் நினைக்கும். கதவுச் சுவிட்ச்சும் அப்படித்தான். அதிர்வு சென்சரைக் கூடுதலாகத் திருகி வைத்திருந்தால் கொழுந்து லொறி பக்கத்தால் போனாலே ஊரைக் கூட்டும்.

பெட்டரி பலம் குறைந்தாலும் சில சைரன்கள் கத்தும். யாரோ வயரை வெட்டுகிறார்கள் என்று அது எண்ணுகிறது. நிறுத்தி வைத்த காரிலும் அலாரம் சொட்டுச் சொட்டாகப் பெட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். 2022இல் பெட்ரோல் இல்லாமல் வாகனங்கள் வாரக்கணக்கில் நின்றபோது பலருக்கு இது புரிந்தது. நடுச்சாமத்தில் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டு நோயாளிக்கும், ஓ/எல் படிக்கும் பிள்ளைக்கும் தொல்லை. அண்டை வீட்டாரின் தூக்கமும் நம்மிடம் உள்ள ஓர் அமானிதம்தான்.

ஆனால் தூக்கம் கெடுவது மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம்.

ஒரு மாலை பாடசாலையில் பெற்றோர் கூட்டம் முடிந்து கிளம்பும் நேரம். மேல் லயனில் ஒரு மாணவனின் தாத்தாவுக்கு நெஞ்சு வலி என்று பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அந்த நேரம் அங்கே நின்ற ஒரே வாகனம் எங்களுடையது. அவரைத் தூக்கி வந்து பின் சீட்டில் படுக்க வைத்தோம். சாவியைத் திருப்பினால் சைரன் கத்துகிறது, ஸ்டார்ட்டர் அசையவில்லை. ரிமோட்டை எத்தனை முறை அமுக்கியும் பலன் இல்லை. அவருடைய மகள் "சேர், சேர்" என்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

எங்களில் ஒருவர் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸுக்குப் பேசினார். இன்னொருவர் ஸ்டோருக்கு ஓடி கொழுந்து லொறியைக் கூட்டி வந்தார். லொறி மெயின் ரோட் வரை இறக்கியது, அங்கே அம்பியூலன்ஸ் எடுத்துக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். இப்போதும் பேரனைக் கூட்டிக்கொண்டு பாடசாலை கேட் வரை வருகிறார்.

அடுத்த நாள் வயரிங் பாஸ் ஒருவர் வந்து பார்த்தார். இரண்டே இரண்டு சின்னச் சாமான்கள். பொனட் சுவிட்ச் துருப்பிடித்திருந்தது, அதனால் அலாரம் விழித்தது. ரிமோட்டின் செல் பலம் இழந்திருந்தது, அதனால் அலாரம் அடங்கவில்லை. அது அடங்காததால் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகவில்லை. இரண்டையும் மாற்ற ஆன செலவு எங்கள் ஒரு வாரப் பெட்ரோல் காசை விடக் குறைவு.

அவர் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்னப் பட்டனையும் காட்டினார். பல அலாரங்களில் இப்படி ஒன்று இருக்கும். சாவியை ஓன் நிலையில் வைத்து அதை அமுக்கினால் ரிமோட் இல்லாமலே அலாரம் ஓயும். எத்தனை முறை அமுக்குவது, எவ்வளவு நேரம் பிடிப்பது என்பது அலாரத்துக்கு அலாரம் மாறும். உங்கள் வாகனத்தில் அது எங்கே இருக்கிறது என்று பூட்டிய கடையிலோ வயரிங் பாஸிடமோ இன்றே கேட்டு வையுங்கள். அவசரத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் இடத்தில் அதை வைக்க மாட்டார்கள்.

நீங்களாகவே கீழே கையை விட்டு வயர் இழுக்க வேண்டாம். ஸ்டீயரிங் பக்கம் மஞ்சள் நிற வயரோ கனெக்டரோ கண்டால் அது ஏர்பேக். தொடவே கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம். நம் பக்கத்தில் வாகனம் ஸ்டார்ட் ஆகாவிட்டால் உடனே பள்ளத்தில் உருட்டி, கியரில் போட்டு எடுப்பது பழக்கம். பெட்டரி மட்டும் பழுது என்றால் கியர் வாகனத்துக்கு அது சரிவரலாம். இம்மொபிலைசர் தடுத்திருந்தால் கீழே ஆறு வரை உருட்டினாலும் எஞ்சின் பிடிக்காது. எஞ்சின் ஓடாத வாகனத்தில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் பாரமாகிவிடும். சாவியை வெளியே எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். தோட்டத்து வளைவுகளில் இது உயிரோடு விளையாடும் வேலை. சாவிப் படம் சிமிட்டினால் உருட்டாதீர்கள்.

அதற்குப் பதிலாக இதைச் செய்து பாருங்கள். சாவிக்கொத்தில் வேறு சிப் சாவி இருந்தால் கழற்றித் தூர வையுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் வாகனம் குழம்பலாம். சாவியை வெளியே எடுத்து ஒரு நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். பெட்டரித் தலைகளை இறுக்கிப் பாருங்கள். இன்னொரு சாவி இருந்தால் அதைப் போடுங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால் பழுது முதல் சாவியில்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ரீகண்டிஷன் வாகனங்கள் பல கைமாறி, பல நேரம் ஒரே சாவியோடு நம்மிடம் வருகின்றன. ஒரு சாவி வேலை செய்யும்போது இரண்டாவது சாவி அடிப்பது சுலபம். இருந்த ஒன்றும் தொலைந்தால் வாகனத்தைக் கட்டி இழுத்துப் போக வேண்டும், கம்பியூட்டரைக் கழற்ற வேண்டும், செலவு பல மடங்கு. சாதாரணக் கடையில் இரும்பை மட்டும் வெட்டித் தரும் சாவி கதவைத் திறக்கும், எஞ்சினைத் திறக்காது. சிப்போடு அடிக்கும் இடத்தில், வாகனத்தையும் கொண்டுபோய் ஸ்டார்ட் செய்து பார்த்து வாங்குங்கள்.

அதேபோல் "கம்பியூட்டர் போயிட்டுது, பழசு ஒன்று போடுவோம்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு வேன்காரரிடம் ஒரு கராஜில் அப்படிச் சொல்லிப் பெரிய தொகை கேட்டார்கள். வேறொருவர் பார்த்தபோது பொடியோடு சேரும் எர்த் வயர் தளர்ந்திருந்தது. வேறு வாகனத்தின் கம்பியூட்டரைக் கொண்டு வந்து போட்டால் அது உங்கள் சாவியின் எண்ணை அறியாது, திரும்பவும் எண் ஏற்ற வேண்டும். ஆகவே முதலில் பெட்டரி, பிறகு பியூஸ், பிறகு எர்த், பிறகு சாவி. கம்பியூட்டர் கடைசி.

"இவ்வளவு தொல்லை என்றால் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். அடிக்கடி கத்தும், கடையில் பூட்டிய பழைய அலாரத்தை முறையாகக் கழற்றி, வெட்டிய வயர்களைத் திரும்பச் சேர்ப்பதில் தவறில்லை. கம்பெனி இம்மொபிலைசர் வேறு கதை. பிரிட்டனில் 1998 ஒக்டோபரில் இருந்து புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். அவுஸ்திரேலியா 2001இல் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் இம்மொபிலைசர் இல்லாமல் விற்ற கியா, ஹூண்டாய் கார்களை 2022 அளவில் சிறு பிள்ளைகள் கூட வீடியோ பார்த்துத் திருடினார்கள். அது நல்ல காவல்காரன். அவனை விரட்ட வேண்டாம், அவனுடைய பாஷையைக் கற்றுக்கொள்வோம்.

நகரத்தில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வரும். லயனில் அப்படி இல்லை. பிரசவ வலி வந்தாலும், பாம்பு கடித்தாலும், இரவில் மண்சரிவு எச்சரிக்கை வந்தாலும் அங்கே நிற்கும் ஒரு பழைய வேன்தான் எல்லோருக்கும் வாகனம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையைப் பார்த்த நமக்கு மழை இரவு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த வேனின் சாவி ஒருவர் பொக்கெட்டில் இருக்கலாம். அதை எப்படி ஸ்டார்ட் செய்வது என்ற விஷயம் மட்டும் ஒருவர் தலைக்குள் இருக்கக் கூடாது.

ஆகவே இந்த விடுமுறைக்குள் ஐந்து வேலைகள்:

1. பெட்டரியைச் சோதியுங்கள். எஞ்சின் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்யுங்கள், திரும்பவும் இறங்கினால் மாற்றுங்கள். தலையில் உள்ள கழிம்பை, வயரைக் கழற்றிவிட்டு, சுடுதண்ணீரில் அப்பச்சோடா கலந்து கழுவி, காய்ந்த பின் வயரைப் பூட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். கழற்றும்போது கறுப்பு முதல், பூட்டும்போது கறுப்பு கடைசி.

2. ரிமோட்டுக்குப் புதிய செல் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள்.

3. பொனட், கதவு சுவிட்ச்சுகளைப் பார்த்துத் துருப்பிடித்ததை மாற்றுங்கள்.

4. சிப்போடு இரண்டாவது சாவி அடியுங்கள். அதை வாகனத்துக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

5. அலாரத்தை ஓய வைக்கும் பட்டன், பியூஸ் பெட்டி இரண்டும் இருக்கும் இடத்தை, வாகனம் ஓட்டத் தெரிந்த இன்னும் இரண்டு பேருக்குக் காட்டிக்கொடுங்கள். மனைவி, மகன், பக்கத்து லயன் தம்பி, யாராக இருந்தாலும் சரி.

அவசரத்தில் வாகனம் அடம் பிடித்தால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காமல் முதலில் 1990க்கு அழையுங்கள். இலவசம். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் வாகனத்தில் நடந்தவற்றைக் கீழே எழுதுங்கள். வயரிங் வேலை தெரிந்த தம்பிமார் நாங்கள் விட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள். தோட்டங்களில் உள்ள வேன், ஆட்டோ ஓட்டுநர்களுக்கு இதைக் கட்டாயம் பகிருங்கள்.