தாம்பரமா... மாத்தூரா?

கேம்பஸ்ல செலக்ட் ஆகிட்டீங்களா? ட்ரீட் எல்லாம் முடிஞ்சதும் ஒரு கேள்வி வரும் பாருங்க... 'எங்கே தங்குறது?'

ஒரகடத்தில் வேலை கிடைச்சப்ப நானும் இதில்தான் மண்டை காய்ஞ்சேன். தாம்பரத்தில் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, சாயங்காலம் கோச்சிங் கிளாஸ் போகலாம். ஆனா, ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு நாலரைக்கே கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கணும். பக்கத்து மாத்தூரில் ரூம் எடுத்தா, நிம்மதியா தூங்கலாம். ஆனா, ஒரகடத்தில் ரயில் கிடையாது. சிங்கப்பெருமாள்கோவில் போய்த்தான் ட்ரெயின் பிடிக்கணும். ஊர் அமைதியா இருக்கும்னு கனவு காணாதீங்க, கண்டெய்னர் லாரி தாலாட்டு பாடும்!

அரைத் தூக்கத்தில் கோச்சிங் போனா மண்டையில் என்ன ஏறும்? புத்தகத்தோட மாத்தூருக்கே போயிட்டேன்.

ஆனா, பெரிய அட்வான்ஸ் குடுத்துக் காலை விடலை. காரணம், நோக்கியா. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கின ஆலை, 2014-ல் மூடியே போச்சு. ஆயிரக்கணக்கானவங்க வேலை போச்சு. கம்பெனி நிரந்தரம்னு நம்பி வேர் விட முடியாது பாஸ்!

தோழிகளே, வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குற விடுதியை 2024-ல் திறந்திருக்காங்க. உங்க கம்பெனி அங்கே இடம் தருதானு முதல்ல கேளுங்க.

ரூமைப் பகல்ல மட்டும் பார்த்துட்டு தலையாட்டாதீங்க. நைட் ஷிஃப்ட் விடுற நேரம் அந்தத் தெருவில் நடந்து பாருங்க. லைட் எரியுதா, டீக்கடை திறந்திருக்கா, நாய் துரத்துதா? அப்புறம் முடிவு பண்ணுங்க!