பதிவேட்டில் ஐந்து ஆசிரியர்கள்

தில்லியில் ஆய்வு மாணவர்களாகவும் ஒப்பந்த ஆசிரியர்களாகவும் இருக்கும் நண்பர்கள் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: குழந்தையை மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் சேர்க்கலாமா? இவ்வாண்டு அக்கேள்வி என் வீட்டுக்கும் வந்தது. மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. கல்விப் புள்ளிவிவரங்களோடு நாள்தோறும் பழகுபவள் என்பதால் எனக்கு இது எளிதான முடிவு என்று பலர் எண்ணினார்கள். புள்ளிவிவரம் எதுவரை உதவியது, எங்கே நின்றுவிட்டது என்பதை எழுதிவைத்தால், இதே கேள்வியோடு இருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

தில்லியின் ஏற்பாடு வெளியூரிலிருந்து வருபவர்களைக் குழப்பும். ஐந்தாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிகளில் பெரும்பகுதி மாநகராட்சியிடம் இருக்கிறது. சர்வோதய வித்யாலயங்களைத் தில்லி அரசு நடத்துகிறது. கேந்திரிய வித்யாலயங்களில் ஒன்றிய அரசு ஊழியர்களின் குழந்தைகளுக்கு முன்னுரிமை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் எங்கள் வீட்டிலிருந்து ஆறு வயதுக் குழந்தை அன்றாடம் போய்வர இயலாத தொலைவில் உள்ளன. நடந்துபோகும் தூரத்தில் இரண்டுதான் எஞ்சின: ஒரு மாநகராட்சிப் பள்ளி, குறைந்த கட்டணம் வாங்கும் ஓர் ஆங்கிலவழித் தனியார் பள்ளி.

முதலில் தரவைப் பார்த்தேன். நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் பதிவில் 11 இலக்க எண் ஒன்று உண்டு. அதைக் கொண்டு மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, குடிநீர், நூலகம் எல்லாவற்றையும் அறியலாம். மாநகராட்சிப் பள்ளியில் 148 குழந்தைகள், ஐந்து ஆசிரியர்கள். ஓர் ஆசிரியருக்கு 30-க்கும் சற்றுக் குறைவு. 121 முதல் 200 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு ஐந்து ஆசிரியர்கள் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்திருக்கிறது. கணக்கு பிசகவில்லை.

பிறகு நேரில் போனேன், வெவ்வேறு நாள்களில் மூன்று முறை. ஐவரில் ஒருவர் வாக்காளர் பட்டியல் பணிக்குப் போயிருந்தார். இன்னொருவர் பேறுகால விடுப்பில் இருந்தார். அவருக்கு மாற்றாக எவரும் வரவில்லை. எஞ்சிய மூவரில் ஒருவர் பொறுப்புத் தலைமையாசிரியை. குழந்தைகள் 150-ஐத் தாண்டினால்தான் தனியாக ஒரு தலைமையாசிரியரைச் சட்டம் கோருகிறது. எனவே மதிய உணவுக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் வகுப்பெடுக்க வேண்டிய இவர் மேசையிலேயே சேர்கின்றன. 148-ஐ மூன்றால் வகுத்தால் ஓர் ஆசிரியருக்கு 49 பேர். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில் அமர்ந்திருந்தன. இதில் எதுவும் சட்டமீறல் அன்று. ஆசிரியர்களைக் கல்வி சாராப் பணிகளில் ஈடுபடுத்தக் கூடாதென்னும் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் தேர்தல் பணிக்கும் விலக்களிக்கிறது. பதிவேட்டின் 30-உம் உண்மை, வகுப்பறையின் 49-உம் உண்மை. என் மகள் உட்காரப்போவது இரண்டாவதில்.

தில்லியின் பல மாநகராட்சிப் பள்ளிகளைப் போல இங்கும் ஒரே கட்டடத்தில் காலையில் பெண் குழந்தைகளும் பிற்பகலில் ஆண் குழந்தைகளும் படிக்கிறார்கள். காலையில் வாயிலருகே நின்றபோது ஒரு தாய் மகளை உள்ளே அனுப்பிவிட்டு, கழுத்துப்பட்டை அணிந்த மகனைக் கைப்பிடித்துத் தனியார் பள்ளியை நோக்கி நடந்தார். பேச்சுக் கொடுத்தேன். "இருவருக்கும் கட்டணம் கட்ட முடியாது, அக்கா" என்றார். அவ்வளவுதான். இலவசப் பள்ளி எவருக்குப் போதும் என்று குடும்பங்கள் கருதுகின்றன என்பதை அதன் வருகைப் பதிவேடே சொல்கிறது. அந்தப் பெயர்களின் வரிசையில் என் மகளின் பெயரையும் எழுதுவதா என்ற தயக்கம் எனக்குக் கூடியது.

தயக்கத்தைச் சற்றுக் குறைத்தது ஒரு குறிப்பேடு. மூன்றாம் வகுப்பில் ஒரு மணி நேரம் அமரப் பொறுப்புத் தலைமையாசிரியை அனுமதித்தார். விருந்தினர் வந்தால் நன்றாகப் படிக்கும் குழந்தையை எழுப்பி வாசிக்கச் சொல்வது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம். இங்கும் அப்படியே நடந்தது. அதன்பின், வாசிக்கத் தடுமாறும் குழந்தைகள் எத்தனை பேர் என்று ஆசிரியையிடம் தனியாகக் கேட்டேன். மேசை அறையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். எழுத்து, சொல், பத்தி, கதை என நான்கு பத்திகள். ஒவ்வொன்றின் கீழும் குழந்தைகளின் பெயர்கள், தேதிகள். ஜூலையில் 'எழுத்து' என்பதன்கீழ் இருந்த பல பெயர்கள் அடிக்கப்பட்டு, நவம்பரில் 'சொல்' என்பதன்கீழும், பிப்ரவரியில் சில 'பத்தி' என்பதன்கீழும் மீண்டும் எழுதப்பட்டிருந்தன. நான்கு பெயர்கள் மட்டும் ஆண்டு முழுதும் நகரவே இல்லை. அவற்றைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.

இந்நான்கு படிகளும் 2005 முதல் நடந்துவரும் அசர் ஆய்வின் படிகள். அதன் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியக் கிராமப்புற அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கின்றனர். கட்டுரைகளில் இத்தகைய எண்களைப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் நகராத நான்கு பேர் யார் யார் என்று பெயர் சொல்லத் தெரிந்த ஓர் ஆசிரியை இருக்கிறாரா என்பதைச் சராசரி சொல்லாது. ஒரு பள்ளியில் அளக்கவேண்டிய முதற்பொருள் அதுவே என்று இப்போது கருதுகிறேன். அதே பள்ளியின் வேறொரு வகுப்பில் இப்படிக் குறிப்பேடு எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளி நன்று, தீது என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளிக்க இயலாது. அறைக்கு அறை அது வேறுபடுகிறது.

தனியார் பள்ளியில் வகுப்பறைக்குள் என்னை விடவில்லை. அலுவலக அறையில் கோப்பைகளையும் கட்டண அட்டவணையையும் காட்டினார்கள். அங்குப் படிப்பவர்கள் கூடுதல் மதிப்பெண் பெறலாம். அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, கட்டணம் செலுத்த முடிந்த வீட்டின் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமங்களில் 2008-இல் தொடங்கிய ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. குலுக்கல் முறையில் தேர்ந்த குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுக்கப்பட்டது. நான்காண்டு முடிவில் தெலுங்கிலும் கணக்கிலும் அவர்களுக்கும் அரசுப் பள்ளியிலேயே இருந்தவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இந்தியில் மட்டும் அவர்கள் முந்தினர். இம்முடிவை அரசுப் பள்ளியின் வெற்றி என்று மட்டும் வாசிப்பது நேர்மையாகாது. அத்தனியார் பள்ளிகள் மிகக் குறைந்த செலவில், தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைவான நேரமே ஒதுக்கி, அதே விளைவைத் தந்திருந்தன.

மொழி பற்றியும் கவலை இருந்தது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தை இந்திவழி வகுப்பில் என்ன செய்வாள்? மூன்றாம் வகுப்பில் விசாரித்தபோது போஜ்புரி, மைதிலி, வங்காளம் என்று வீட்டுமொழிகள் வரிசையாக வந்தன. பாடநூல் இந்தியை வீட்டிலும் பேசுபவர்கள் சிலரே. அவ்வறையில் என் மகள் தனித்திருக்க மாட்டாள். தமிழ் எழுத்தை வீட்டில் நாங்கள் கற்பிக்க வேண்டும். எப்பள்ளியைத் தேர்ந்திருந்தாலும் அப்பொறுப்பு எங்களுடையதே.

ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டார்: "உன் கொள்கைக்கு என் பேத்திதான் கிடைச்சாளா?" இந்தப் பதிவில் மிகக் கூர்மையான கேள்வி அதுதான். குழந்தையைக் கொண்டு அறத்தை நிறுவக் கூடாது என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அக்குறிப்பேட்டைப் பார்த்திராவிட்டால் சேர்த்திருக்கவும் மாட்டேன். ஆனால் மறுபக்கமும் உண்டு. பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், அரசுப் பள்ளி சரியும்போது தரத்தில் அக்கறைகொண்ட பெற்றோரே முதலில் வெளியேறுகின்றனர், அவர்களோடு பள்ளியைத் திருத்தக்கூடிய குரலும் வெளியேறுகிறது என்று விளக்கினார். வாயிலில் சந்தித்த அத்தாய்க்குப் பள்ளியை மதிப்பிடும் வாய்ப்பே இல்லை. மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் வசதி எனக்கு இருந்தது.

சட்டம் அக்குரலுக்கு ஓர் இருக்கையைத் தந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். குழுவின் கூட்டக் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கையொப்பங்களும் கைநாட்டுகளும் இருந்தன. கேள்வி என்று ஒன்றுகூடப் பதிவாகியிருக்கவில்லை.

நானும் கணவரும் பேசி முடிவுசெய்திருக்கிறோம். ஏப்ரலில் மகளை அங்கே சேர்க்கிறோம். ஒன்றாம் வகுப்பின் முடிவில் அதே நான்கு படிகளைக் கொண்டு அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்ப்போம். இரண்டாம் வகுப்பின் முடிவிலும் நகர்வு இல்லையென்றால் பள்ளியை மாற்றுவோம். அம்மாவிடமும் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். அதற்கிடையில் மேலாண்மைக் குழுத் தேர்தல் வரும்போது நிற்பதாக இருக்கிறேன். கூட்டக் குறிப்பேட்டில் பதிவாக வேண்டிய கேள்விகள் இரண்டு: பட்டியல் பணிக்குப் போன ஆசிரியர் என்று திரும்புவார்? விடுப்பிலிருப்பவரின் வகுப்புக்கு யார் வருவார்?