பச்சை நிறத்தின் பொருள்

தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே உள்ளன. பெருமழையில் அச்சாலையே வெள்ளக்காடாகும். அத்தகைய ஊரில் ஒரு வலையமைப்பின் கண்காணிப்புப் பலகை, திசைவிகள் இயங்கும்வரை பச்சை நிறத்தையே காட்டும். கேபிள் குழியில் நீர் ஏறுவதை, எவரும் அளக்கச் சொல்லாதவரை, அறியாது.

1999இல் ஈதன் கால்ஸ்டட் வெளியிட்டு, பின்னர் நாகியோஸ் எனப் பெயர்பெற்ற மென்பொருள் இதற்கு வழிவைத்தது. எவரும் தம் சிறுநிரலை அதனுடன் இணைக்கலாம். அது 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. எழுதியோர் பகிர்ந்தனர், பிறர் எடுத்தாண்டனர்.

ஆயினும் இரவல் நிரலோடு, எத்தனை மில்லிவினாடித் தாமதம் ஆபத்து என்ற பிறரது கணிப்பும் உடன்வரக்கூடும். அந்த எண்ணை உள்ளூர் நிலைமைக்கேற்ப மாற்றாமல் நிறுவுபவர், கருவியை மட்டுமன்றித் தீர்ப்பையும் இரவல் பெறுகிறார். நீர்மட்டத்தை அளக்கும் நிரலையோ, அவ்வூர் மழையை அறிந்தவரே எழுதவேண்டும்.