ஹெட்டர் அடிக்கப் பயமா?
வில்லியனூர், பாகூர் பக்கம் அறுவடை முடிந்த வயல்தான் பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானம். பந்து உயரே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு உச்சந்தலையைக் கொடுப்பார்கள். நங்கென்று வலிக்கும். அதோடு ஹெட்டர் என்றாலே பயம்.

பந்து பட வேண்டியது நெற்றியில், முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே. கண் திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும், இல்லாவிட்டால் நாக்கு கடிபடும். கழுத்தை விறைப்பாக வைத்து, இடுப்பிலிருந்து உடம்பை வில்லாகப் பின்னே வளைத்து முன்னே வர வேண்டும். பந்து வந்து தலையில் விழக் கூடாது. தலைதான் போய்ப் பந்தை அடிக்கணும். உயரம் இரண்டாம்பட்சம். 2021 ஜூனில் தோஹாவில் வங்கதேசத்துக்கு எதிராகத் தலையால் கோல் போட்ட சுனில் சேத்ரி ஒன்றும் நெட்டையர் இல்லை. எம்பும் நேரம்தான் கணக்கு. பழக லேசான பந்து போதும், அதுவும் சில தடவைதான்.

எந்த வயதில் பழகுவது? இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002-ல் 59 வயதில் இறந்தார். பந்தைத் தலையால் முட்டி முட்டியே மூளை பாதித்தது என்றது மரண விசாரணை. 2015-ல் அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம், 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஹெட்டரே கூடாது என்றது. நம் பிள்ளைகளும் அதுவரை காலாலேயே ஆடட்டும். பெரியவர்களானாலும், பந்து பட்டபின் தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டியதுதான்.