ஓரடுக்கும் எக்ஸ் கதிரும்

நிக்டியைச் சூழ்ந்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியில் உலோகத்தைக் காக்கும் வண்ணப்பூச்சின் தடிமன் மைக்ரானில் அளக்கப்படுகிறது. அதே புணேயின் பாஷாணில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில், 1990களில் முரளி சாஸ்திரி முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்த படலங்களோ ஓரிரு நானோமீட்டர் அளவினவே: தயோல் மூலக்கூறுகள் தங்கம், வெள்ளிப் பரப்புகளில் தாமே வரிசைகொள்ளும் ஓரடுக்குகள்.

இத்தகைய மெல்லடுக்கை ஆராய எக்ஸ் கதிர் ஒளிமின் நிறமாலையியல் உதவுகிறது. கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரானின் ஆற்றலைக் கொண்டு, அணு எதனோடு பிணைந்துள்ளது என்பதை அறியலாம். தங்கத்தோடு பிணைந்த கந்தகத்தின் முகடு 162 எலக்ட்ரான் வோல்ட் அருகே தோன்றும். பிணையாமல் மேலே படிந்ததற்கு 164 அருகே. ஆக்சிசனேற்றம் அடைந்ததற்கு 168 அருகே. நிலைமொழியின் ஈறு வருமொழிக்கேற்பத் திரிவதுபோல, கந்தகத்தின் முகடும் அண்டை அணுவுக்கேற்ப இடம் மாறுகிறது.

ஆயினும், அளக்கும் கதிரே அளக்கப்படுவதைச் சிதைக்கவும் கூடும். நெடுநேரம் படும் கதிரும் அது எழுப்பும் எலக்ட்ரான்களும் பிணைப்புகளை முறித்துப் புதிய முகடுகளை உண்டாக்கும். அவற்றை மூலக்கூறின் இயல்பென்று எழுதினால், கருவி செய்த காயமே கண்டுபிடிப்பாகிவிடும். ஆகவே, முதல் நிறமாலையைக் கடைசி நிறமாலையோடு ஒப்பிடுவதும், கதிர் பட்ட நேரத்தை ஒளிக்காமல் எழுதுவதும் ஆய்வறத்தின் பாற்பட்டவை.