சட்டியில் இரண்டு விரல்

பஸ் கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “மாமா, ஊறல்ல ஈஸ்ட் கம்மியாப் போச்சுன்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று உரக்க ஆரம்பித்தான் மைத்துனன். முன் சீட்டில் இரண்டு தலைகள் திரும்பின. ஜவ்வாது மலைப் பக்கம் போகிற பஸ்ஸில் சொல்லக்கூடிய சொல்லா அது? ‘இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு’ என்று பேப்பரில் அடிக்கடி வருவதே இந்த மலையின் பேரோடுதான். முழங்கையால் ஓர் இடி இடித்தேன்.

அவன் நியூஜெர்சியில் காரேஜுக்குள் பீர் காய்ச்சுகிறவன். அங்கே வீட்டில் குடிக்கக் காய்ச்சிக்கொள்ள 1978இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. ஆகவே பீர் பார்க்க நாங்கள் போகவில்லை. போனது கூழ் பார்க்க. கூழுக்குப் புளிப்பு எவ்வளவு விடுகிறார்கள் என்று போனில் அவன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வேலூரிலிருந்து நாங்கள் இறங்கவேண்டிய அமிர்தி 25 கிலோமீட்டர். கணியம்பாடியில் திருவண்ணாமலை சாலையை விட்டுத் திரும்பியபின் ஜன்னல் காற்றே வேறு. இறங்கி டீ குடித்தோம், 12 ரூபாய். வனத்துறையின் விலங்குப் பூங்கா வாசலில் பிள்ளைகள் கூட்டம்; நாங்கள் உள்ளே போகவில்லை. சாலையோடு ஒரு கிலோமீட்டர் நடந்தால் புளியமரத்தடியில் ஓலைச் சார்ப்பு, மண்சட்டி, சொம்பு. கூழ் ஒரு சொம்பு 20 ரூபாய். கடித்துக்கொள்ள மோர்மிளகாய்.

கடைக்கார ஆயாவுக்கு எழுபது வயதிருக்கும். சாயங்காலம் மாவு கரைப்பதைப் பார்க்க வேண்டும் என்றதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். “கேவுரு மாவு கரைக்கறதுல இன்னா தம்பி கீது பாக்கறதுக்கு?”

“புளிப்புக்கு என்ன ஆயா விடுவீங்க?”

“நான் ஒண்ணும் விடறதில்ல. அது தானா புளிக்கும்.”

மைத்துனன் நோட்டில் எழுதிக்கொண்டான். எனக்குத் திருப்தியில்லை. நாலரை மணி வரை மரத்தடியிலேயே உட்கார்ந்தோம்.

அந்த நேரத்தில் அவன் தன் தோல்விக் கதையைச் சொன்னான். இருபது லிட்டர் ஸ்ட்ராங் பீர். மால்ட் சாற்றில் சர்க்கரைச் சத்து அதிகம், தண்ணீர் 1.000 என்றால் சாற்றின் அடர்த்தி 1.090. காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரை என்றால் ஒரு மில்லிக்கு ஏழரை லட்சம் ஈஸ்ட் அணுக்கள். இவன் சாற்றில் அது இருபத்தொன்றுக்கு மேல். பெருக்கிப் பார்த்தால் சுமார் 32,000 கோடி அணுக்கள் வேண்டும். திரவ ஈஸ்ட் பாக்கெட் ஒன்றில், அடைத்த அன்றைக்கே, சுமார் 10,000 கோடிதான். அதுவும் நாள் ஆக ஆகச் சாகும். தள்ளுபடியில் வாங்கிய ஐந்து மாதப் பழைய பாக்கெட் ஒன்றை அப்படியே கொட்டியிருக்கிறான். பாதி வழியில் நுரை அடங்கிவிட்டது. “பாயசம் மாமா. வார்னிஷ் வாசனையோட பாயசம்.”

முதலில் ஈஸ்ட்டைப் பெருக்கியிருக்க வேண்டும். லிட்டருக்கு நூறு கிராம் மால்ட் பொடி கலந்து கொதிக்கவைத்து ஆற்றிய நீர்த்த சாறு. அதில் ஈஸ்ட்டை விட்டு, காற்றுப் படும்படி ஒன்றிரண்டு நாள் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் நீர்த்த சாறு? கெட்டிச் சர்க்கரை அணுவிலிருக்கும் நீரை இழுக்கும்; பெருகவேண்டிய நேரத்தில் அது திணறும். குழந்தைக்கு முதலில் கஞ்சித் தண்ணி கொடுப்பதுபோல என்று நான் சொன்னதை அவன் ஒத்துக்கொண்டான்.

ஆயா கூப்பிட்டாள். கரைக்கிற சட்டி உள்ளே இருந்தது. எட்டிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே சாம்பல் நிறத்தில் காய்ந்த ஏடு, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர். சின்னச் சின்னக் கொப்புளங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. மோருக்கும் பழுத்த பழத்துக்கும் நடுவில் ஒரு வாசனை.

“இது என்ன ஆயா?”

“அதுவா? நேத்துக் கரைச்சதுல மிச்சம்.”

ஒன்றும் விடுவதில்லையாம்!

அதன்மேலேயே மாவைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை கைவிட்டுக் கரைத்தாள். சட்டியைச் சோப்பு போட்டுக் கழுவுவதில்லையா என்றேன். அலசுவதோடு சரியாம், தேய்த்துக் கழுவினால் மறுநாள் மாவு ‘ஏமாத்திடும்’. வெயில் காலத்தில் எவ்வளவு மிச்சம் விடுவீர்கள் என்றதற்குச் சுண்டுவிரலைப் படுக்கவைத்துக் காட்டினாள். பனிக்காலத்தில் அதற்கு இரண்டு மடங்கு. மைத்துனன் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துச் சட்டியில் விட்டான்: 22 டிகிரி. ஆயா சிரித்துவிட்டாள். “சொரம் அடிக்குதா சாமி?”

கூழைப் புளிக்கவைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கு, ஈஸ்ட்டுக்குச் சிறுபங்குதான். பீரும் கூழும் ஒன்றல்ல. ஆனால் அடுத்து அவள் சொன்னதில் அவன் பேனா நின்றது. மூன்று நாள் புளித்து முற்றிய தண்ணீரை அவள் மிச்சம் வைப்பதில்லை. அதைக் கொட்டிவிட்டு இளம் புளிப்பாகப் பார்த்து எடுப்பாள். “எங்க ஆளுங்களும் இதைத்தான் பண்றாங்க மாமா” என்றான். ஸ்ட்ராங் பீரின் அடி வண்டலை மறுபடி பயன்படுத்த மாட்டார்களாம். ஆல்கஹாலில் கிடந்து நொந்துபோன ஈஸ்ட் அது. முதலில் ஒரு லேசான பீர் காய்ச்சி, அதன் வண்டல்மேல் கெட்டிச் சாற்றை இறக்குவார்கள். அங்கே பாக்கெட்டை எண்ண வேண்டிய வேலையே இல்லை.

கிளம்பும்போது அந்தக் கலங்கலில் கொஞ்சம் கேட்டு வாங்கித் தண்ணீர் பாட்டிலில் அடைத்துக்கொண்டான். கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகினான். இவ்வளவு படித்தவன்!

கணியம்பாடி வருவதற்குள் குலுங்கலில் பாட்டில் உப்பிவிட்டது. மூடியை லேசாகத் திருகினான், அவ்வளவுதான்: சீறிக்கொண்டு முன் சீட்டுவரை தெறித்தது. கண்டக்டர் வந்து மூக்கைச் சுருக்கினார்.

“இன்னா சார் இது?”

மைத்துனன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “கூழு.”